விலாசம் சரியாக இருக்கட்டும்!

எங்கள் ஆர்.எஸ்.புரத்தில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நின்று பாருங்கள். டி.பி. ரோடாகட்டும், லோகமான்ய வீதியாகட்டும், பொன்னுரங்கம் வீதியாகட்டும், பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இருக்கிற வீடு ஒன்று கண்ணில் படாமல் இருக்காது. அந்த வீடுகளில் ஊறுகாய் ஜாடி எங்கே இருக்கிறது, அப்பளக்கட்டு எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பெண்கள் சொல்லி விடுவார்கள். "பாஸ்போர்ட் எப்போது முடிகிறது?" என்று கேட்டால் மட்டும், "அதெல்லாம் அவருக்குத்தானுங்க தெரியும்" என்ற பதில்தான் வரும்.

அதெல்லாம் ஆண்கள் சமாசாரம் என்று நாம் ஒதுங்கிக்கொள்வது சரியா? அவசரம் என்று வரும்போது அலமாரியைத் திறந்து தேடுவது நாம்தான். தபால்காரருக்குக் கதவைத் திறப்பதும் நாம்தான். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கவுண்டரில் நிற்பதும் நாம்தான். அதனால்தான் பத்து வருடம் ஷார்ஜாவில் குடித்தனம் நடத்தி, 2021-ல் ஊர் திரும்பிய நான், என் அனுபவத்தில் கண்டதைச் சகோதரிகளுக்குச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன்.

தபால் வீட்டில் வளர்ந்தவள்

என் அப்பா தபால் துறையில் முப்பத்தாறு வருடம் உத்தியோகம் பார்த்தவர். கடைசி ஒன்பது வருடம் ஆர்.எஸ்.புரம் தலைமைத் தபால் நிலையத்தில், ரிஜிஸ்தர் கவுண்டரில். வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சுக்கூட விலாசத்தைப் பற்றித்தான் இருக்கும். 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்த கதையை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! எங்கள் 641002-ல் முதல் எண்ணான ஆறு தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்த மண்டலம். முதல் மூன்று எண் எந்த வட்டாரத்தில் கடிதத்தைப் பிரிப்பது என்று சொல்லும். கடைசி மூன்று எண் எந்தத் தபால் நிலையம் பட்டுவாடா செய்வது என்று சொல்லும். "ஆறு நம்பரும் சரியா இருந்தா பாதி வேலை முடிஞ்சுது அம்மிணி. மீதிப் பாதி கதவு நம்பர்" என்பார் அப்பா.

கல்யாணத்துக்குப் பிறகு 2011-ல் ஷார்ஜாவுக்குப் போனபோது எனக்கு முதல் அதிசயமே இந்த விஷயத்தில்தான். அங்கே அந்நாளில் தபால்காரர் வீடு தேடி வருவது என்பது கிடையாது. எல்லாம் தபால் பெட்டி எண்தான். பின்கோடும் கிடையாது. என்னவர் வேலை பார்த்த கம்பெனியின் பெட்டிக்குத்தான் எங்கள் கடிதங்களும் வரும். வாரத்துக்கு இரண்டு தடவை ஆபீஸ் பையன் போய் மொத்தமாக அள்ளிக்கொண்டு வருவான். நம் வீட்டு மாடி எண்ணும் தெருப் பெயரும் எத்தனை அழகாக எழுதியிருந்தாலும் பிரயோஜனமில்லை. பெட்டி எண் தப்பினால் கடிதம் தப்பியதுதான்.

அப்பா இதை ஃபோனில் கேட்டுக் குறித்துக்கொண்டார். பெட்டி எண்ணைப் பெரிதாக எழுதி, கீழே என்னவர் பெயர், கம்பெனி பெயர், ஃபோன் நம்பர் எல்லாம் எழுதி ஒரு மாதிரி விலாசம் தயார் செய்து அம்மாவுக்கும் தம்பிக்கும் ஒவ்வொரு நகல் கொடுத்துவிட்டார். வெளிநாட்டில் குடியேறும் பெண்கள் முதல் வாரமே செய்ய வேண்டிய காரியம் இது. ஒரே மாதிரியான விலாசம் எல்லாரிடமும் இருக்க வேண்டும். ஆளுக்கொரு விதமாக எழுதினால் கடிதமும் ஆளுக்கொரு பக்கம் போகும்.

பச்சைப் பிள்ளைக்கும் பாஸ்போர்ட்

2012 ஜனவரியில் என் பெண் ஷார்ஜாவிலேயே பிறந்தாள். அம்மா வந்து ஒரு மாதம் இருந்து பத்தியம் போட்டுவிட்டு, அப்பா தனியாக இருக்கிறாரே என்று ஊருக்குத் திரும்பிவிட்டாள்.

குழந்தை பிறந்தவுடன் தாய்க்கு ஆயிரம் கவலை. அங்கே இருப்பவர்களுக்குக் காகிதக் கவலை வேறு சேர்ந்துகொள்ளும். முதலில் அந்த நாட்டுப் பிறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதை வைத்து இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்கு, பிறந்து ஒரு வருடத்துக்குள் நமது தூதரகத்தில் பதிந்தால்தான் வம்சாவளியாக இந்தியக் குடியுரிமை வரும். குழந்தைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்கவும் வேண்டும். ஒரு வருடம் தாண்டினால் மத்திய அரசின் அனுமதி கேட்டு அலைய வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு பாஸ்போர்ட். பாஸ்போர்ட் வந்த பிறகு அந்த நாட்டுக் குடியிருப்பு விசா. அதற்கு நூற்றிருபது நாள் கெடு. தவறினால் நாள் கணக்கில் அபராதம்.

ஒன்று முடிந்தால்தான் மற்றது. நடுவில் எதையும் தாண்ட முடியாது.

பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்த கூத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. முகம் நேராக இருக்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும், பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டும், தூக்கிப் பிடித்திருப்பவர் கை தெரியக்கூடாது. இருபது நாள் குழந்தை! பால் குடித்தால் தூங்கிவிடும், குடிக்காவிட்டால் அழும். கடைசியில் ஜன்னலோரம் வெள்ளை வேட்டியை விரித்துப் படுக்க வைத்து, என்னவர் நாற்காலி மேல் ஏறி நின்று எடுத்தார். கையெழுத்துக்குப் பதில் கட்டை விரல் ரேகை. ஆண் என்றால் இடது கட்டை விரல், பெண் என்றால் வலது. மூடிய கையைப் பிரித்து, மை தொட்டு வைப்பதற்குள் மூன்று படிவம் வீணாயிற்று. இளம் தாய்மார்களுக்கு ஒரு யோசனை: குழந்தை தூங்கும்போது ரேகை எடுங்கள், விழித்திருக்கும்போது போட்டோ எடுங்கள். மையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுப் பஞ்சால் துடைத்தால் போய்விடும். குழந்தை விரலை வாயில் வைப்பதற்குள் துடைத்துவிட வேண்டும்!

ஒரு இடைவெளி செய்த வேலை

எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தோம். திரும்பி வந்தது.

காரணம் என்ன தெரியுமா? என்னவர் பெயர் பாஸ்போர்ட்டில் இரண்டு சொல்லாக இருக்கிறது. கோவையில் வாங்கிய திருமணச் சான்றிதழில் அதே பெயரைச் சேர்த்து ஒரே சொல்லாக அடித்துவிட்டார்கள். நடுவில் ஓர் இடைவெளி இல்லை, அவ்வளவுதான். என் பாஸ்போர்ட் கல்யாணத்துக்கு முன்பு, 2009-ல் எடுத்தது. அதில் கணவர் பெயர் இல்லை. ஆகவே சான்றிதழைத்தான் பார்ப்பார்கள். "இவர்தான் அவர் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் 2009-ஆம் வருடச் சட்டத்தால் எல்லாத் திருமணங்களையும் பதிவது கட்டாயமாயிற்று. அதன்படி நாங்களும் பதிந்திருந்தோம். சான்றிதழைத் திருத்தி வாங்க அப்பா அலைந்தார். ஒரு நாள் அதிகாரி இல்லை, ஒரு நாள் பதிவேடு இல்லை, மூன்றாம் தடவை கிடைத்தது. அன்றைக்கே தபால் நிலையத்துக்குப் போய், தாம் ஒன்பது வருடம் உட்கார்ந்த அதே கவுண்டரில், வெளிப்பக்கம் வரிசையில் நின்று, ரிஜிஸ்தர் ஏர் மெயிலில் அனுப்பினார். சாயங்காலம் ஃபோன் செய்து ரசீது எண்ணை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி, என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

ஆறு நாள் கழித்து, விடியற்காலை நாலு மணிக்குத் தம்பியிடமிருந்து ஃபோன் வந்தது. அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஷார்ஜாவிலிருந்து கோவைக்கு நேர் விமானம் உண்டு. நாலு மணி நேரம்கூட ஆகாது. என் பாஸ்போர்ட் கையில் இருந்தது. ஆனால் மடியில் இருந்த ஆறு வாரக் குழந்தைக்கு எந்த நாட்டுக் காகிதமும் இல்லை. அவளை எந்த விமானத்திலும் ஏற்ற முடியாது. தாய்ப்பாலைத் தவிர வேறு எதையும் அவள் வாய் அறியாது.

என்னவர், "நீ போயிட்டு வா, நான் எப்படியாவது பாத்துக்கறேன்" என்றார். விடிவதற்குள் மாவுப்பால் டப்பா வாங்கிவந்து ஒரு தடவை கொடுத்தும் பார்த்தோம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டாள். அப்போது அம்மா பேசினாள். அழுகையை அடக்கிக்கொண்டு, "பச்சப் பிள்ளைய உட்டுப்போட்டு வராத அம்மிணி. உங்கப்பனே இருந்தாலும் அதத்தான் சொல்லுவாரு. தம்பி எல்லாம் செஞ்சுக்குவான்" என்றாள்.

நான் போகவில்லை.

என்னவர் அவசரமாகப் போய்க் கேட்டும் பார்த்தார். கவுண்டரில் இருந்தவர் படிவத்தைப் புரட்டிப் பார்த்து, "சான்றிதழ் இல்லாமல் ஒன்றும் நடக்காது" என்று முடித்துவிட்டார். அதற்கு மேல் யாரிடம் போவது என்று அன்றைக்கு எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். மரணம், ஆபத்து என்றால் சேவை மையத்தின் கவுண்டரோடு நின்றுவிடக் கூடாது. நேரே தூதரக அதிகாரியைப் பார்க்க வேண்டும். ஊர் திரும்ப மட்டும் செல்லுபடியாகும் அவசரச் சான்றிதழ் கொடுக்கத் தூதரகத்துக்கு அதிகாரம் உண்டு. அதில் வந்துவிட்டுத் திரும்பிப் போகப் புதுப் பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டியிருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும். குறைகளைப் பதிய 2015 முதல் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளமும் இருக்கிறது. அந்த எண்களையும் விலாசங்களையும் சமையலறைக் காலண்டரில் எழுதி ஒட்டி வையுங்கள்.

செய்தி கேட்ட இரண்டு நாளும் பால் சுரக்கவேயில்லை போலிருந்தது. பக்கத்து வீட்டில் இருந்த மலையாளி நர்ஸ் அக்காதான் தைரியம் சொன்னார். "துக்கத்தில் பால் இறங்கத் தயங்கும், வற்றிவிடாது. குழந்தையை விடாமல் மார்பில் போடு, தண்ணீர் குடி, நேரத்துக்குச் சாப்பிடு" என்றார். மூன்றாம் நாள் சரியாயிற்று. இதே நிலையில் இருக்கும் எந்தத் தாய்க்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

காரியம் முடிந்த மறுநாள் கம்பெனிப் பெட்டிக்கு அப்பாவின் ரிஜிஸ்தர் தபால் வந்தது. உறையின் நாலு ஓரத்திலும் பசை தடவி, மேலே நூல் கட்டியிருந்தார். உள்ளே திருத்திய சான்றிதழ் இரண்டு பிரதி. கூடவே ஒரு கடிதம். ஊர் விசேஷம் ஒன்றும் இல்லை. "இரண்டு நகல் வைத்திருக்கிறேன். ஒன்றை அங்கே கொடு. மற்றதைத் தொடாமல் வை. கேட்கும்போதெல்லாம் கொடுத்து விடாதே. உறையைக் கிழித்துப் போடாதே, தேதி முத்திரை இருக்கிறது. பாப்பாவுக்குப் பாஸ்போர்ட் வந்ததும் அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். வெயில் தாழ்ந்து வாருங்கள். அப்புச்சி எங்கே போய்விடப் போகிறேன்" என்று எழுதியிருந்தார்.

அந்தச் சான்றிதழைக் கொடுத்துத்தான் என் பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கிடைத்தது. மார்ச் மாதம் கடைசியில் கைக்கு வந்தது. ஏப்ரலில் அவளைத் தூக்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

பெயரில் ஜாக்கிரதை

நம் தமிழ்நாட்டுப் பெயர்கள் உள்ளூரில் ஒரு தொல்லையும் செய்வதில்லை. எல்லை தாண்டினால்தான் அவஸ்தை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. பாஸ்போர்ட்டிலோ இனிஷியல் உதவாது; விரித்து எழுத வேண்டும். அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுகிறோமா, நம் பெயரோடு சேர்த்துப் போடுகிறோமா என்பதை முதல் தடவையே யோசித்து முடிவு செய்து, பிறகு பள்ளிக்கூடச் சான்றிதழ், ஆதார், பான், பாங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் அதே மாதிரி வைத்துக்கொள்வது நல்லது.

ஒற்றைப் பெயரை மட்டும் போட்டுக் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டவர்களுக்கு 2022 நவம்பரில் ஒரு அதிர்ச்சி. ஐக்கிய அரபு நாட்டுக்குச் சுற்றுலா விசாவில் ஒற்றைப் பெயரோடு வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தார்கள். பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். மகளைப் பார்க்கப் போக டிக்கெட் எடுத்து வைத்திருந்த எத்தனையோ அம்மாக்களுக்கு அந்த வாரம் தூக்கம் போயிருக்கும்!

கல்யாணமான பெண்கள் கணவர் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிறந்த வீட்டுப் பெயரிலேயே தொடரலாம். 2016 டிசம்பரில் விதிகளைத் தளர்த்தியபோது, பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்குத் திருமணச் சான்றிதழ் வேண்டும் என்பதையும் எடுத்துவிட்டார்கள். பிரிந்து வாழும் பெண்ணும் விவாகரத்தான பெண்ணும் கணவர் பெயரை எழுத வேண்டியதில்லை. தாய், தந்தை இருவரில் ஒருவர் பெயரைக் கொடுத்தாலும் போதும். தனியாகக் குழந்தை வளர்க்கும் எத்தனை பெண்களுக்கு இது பெரிய ஆறுதல்!

இன்னொன்று. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் ஆதாரம். ஆகவே ஊரில் பிரசவமான இளம் தாய்மார்கள், மாநகராட்சியில் குழந்தையின் பெயரையும் சேர்த்துச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். ஒரு வருடத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் கிடையாது. எழுத்துக் கூட்டலை வாங்கும்போதே, அந்த இடத்திலேயே நின்று படித்துப் பாருங்கள்.

"அவ இங்க இல்லீங்க!"

என் பாஸ்போர்ட் 2019-ல் முடிந்தது. பெரியவர்களுக்குப் பத்து வருடம், சிறுவர்களுக்கு ஐந்து வருடம் என்பது கணக்கு. முடிவதற்கு ஒரு வருடம் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். பல நாடுகளில் ஆறு மாதமாவது பாக்கி இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். ஆகவே அட்டையில் பத்து வருடம் என்றிருந்தாலும், ஒன்பதரை வருடம் என்றே மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் புதுப்பித்தாலும் ஊரில் விசாரணை வரும். நம் நிரந்தர விலாசத்துக்குக் காவல் நிலையத்திலிருந்து ஆள் வருவார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். அம்மா கதவைத் திறந்து, உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள்: "அவ இங்க இல்லீங்க சாமி. கல்யாணமாயி எட்டு வருசமாச்சுங்க." அவரும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். பிறகு எனக்கு விளக்கம் கேட்டு வந்தது. அம்மா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் கேட்ட கேள்வி வேறு அல்லவா!

வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "நிரந்தர விலாசம் இதுதான். இப்போது இன்ன நாட்டில் இருக்கிறாள். புதுப்பிக்க அங்கே கொடுத்திருக்கிறாள்" என்று மூன்று வாக்கியம் போதும். பாஸ்போர்ட் நகலும், ஆதார் நகலும் ஓர் உறையில் போட்டு வாசல் அலமாரியில் வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

வந்த உறையைக் கிழிக்காதீர்கள்

அப்பா காலமான மறுவருடம் வீட்டை அம்மா பெயருக்கு மாற்ற என் கையெழுத்து வேண்டியிருந்தது. நேரில் வர முடியாதவர்கள் தூதரகத்தில் கையெழுத்திட்டு, அத்தாட்சி வாங்கி, பவர் பத்திரத்தை ஊருக்கு அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். வந்த தேதிக்கு என்ன சாட்சி? உறையின் மேல் இருக்கிற முத்திரைதான்! தம்பி அதைப் பத்திரமாக வைத்திருந்தான். அவனும் அப்பா பிள்ளைதானே.

அந்தத் தம்பி இப்போது நியூஜெர்சியில் இருக்கிறான். அங்கே தபால் வீட்டு வாசலுக்கு வருகிறது. ஆனால் வீடு மாறினால் வேலை அதிகம். தபால் நிலையத்தில் விலாச மாற்றம் எழுதிக் கொடுத்தால் முக்கியக் கடிதங்களை ஒரு வருடம் புது விலாசத்துக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். குடியேற்றத் துறைக்குத் தனியாகப் பத்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். சிலவகை அரசாங்கக் கடிதங்கள் திருப்பி அனுப்பப்படுவதில்லை என்பதால் தபால் நிலையத்தில் மட்டும் சொன்னால் போதாது.

2025-ல் ஆகஸ்ட் கடைசியில் நம் தபால் துறை அமெரிக்காவுக்கு அஞ்சல் எடுப்பதை நிறுத்தி வைத்தது. அந்த நாட்டுச் சுங்க விதிகள் மாறியதால் வந்த தடங்கல். அக்டோபர் நடுவில்தான் மறுபடி தொடங்கியது. அதே 2025-ல் நம்முடைய ரிஜிஸ்தர் தபாலும், 1986 முதல் இருந்து வரும் ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டது. அப்பா இருந்திருந்தால் இரண்டு நாள் சாப்பிட்டிருக்க மாட்டார்! ஆனால் தபால் எங்கே இருக்கிறது என்று வீட்டிலிருந்தபடியே பார்க்க முடிவது நல்ல வசதிதான். அவசரக் காகிதங்களை ஒரே வழியில் நம்பாமல், அசலைத் தபாலிலும், நகலை ஃபோனிலும் அனுப்பி வைப்பது நம் கையில் இருக்கிறது.

பார்சல் அனுப்பும் அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. பிரசவ லேகியம், பொடி, மருந்து எல்லாம் பாசத்தோடுதான் கட்டுகிறோம். ஆனால் நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசா ஐக்கிய அரபு நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள். அது கையில் இருந்ததற்காகச் சிறைக்குப் போனவர்களும் உண்டு. கோடீன், டிராமடால் கலந்த இருமல் மருந்துக்கும் வலி மாத்திரைக்கும் அங்கே முன் அனுமதி வேண்டும். டாக்டர் சீட்டு இல்லாமல் மாத்திரை எதுவும் கட்டாதீர்கள். மசாலாப் பொடியில் என்னென்ன அரைத்தோம் என்று ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

நான் ஊர் திரும்பிய பிறகு, எங்கள் தெருவில் வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற மூன்று வீட்டுக்கு இந்தக் கணக்கை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மளிகைக் கணக்கு எழுதுகிற மாதிரி ஒரு நோட்டுப் புத்தகம்.

முதல் பக்கத்தில் வீட்டில் ஒவ்வொருவர் பெயரும், பாஸ்போர்ட்டில் உள்ளபடி, ஓர் இடைவெளிகூடப் பிசகாமல். பக்கத்தில் பாஸ்போர்ட் எண், முடியும் தேதி, புதுப்பிக்கத் தொடங்க வேண்டிய மாதம். குழந்தைகளுக்கு ஐந்து வருடம்தான் என்பதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். பெரியவர்களுடையதோடு சேர்த்து நினைப்பதால்தான் தவறிப்போகிறது.

இரண்டாம் பக்கத்தில் விலாசங்கள். வெளிநாட்டு விலாசம், ஊர் விலாசம், வீடு மாறியிருந்தால் பழைய விலாசம். ஊரில் வீடு மாறும்போது பழைய தபால் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பழைய வீட்டுக்காரரிடமும் ஃபோன் நம்பர் கொடுத்து வையுங்கள். அந்த வீட்டுக்கு தீபாவளிக்கு ஒரு டப்பா பலகாரம் போனால் நம் கடிதம் தானாக வரும்!

மூன்றாம் பக்கத்தில், யார் பெயருக்கு வரும் தபாலை யார் வாங்கலாம் என்பது. பாஸ்போர்ட் ஸ்பீட் போஸ்டில் வரும்போது தபால்காரர் அடையாள அட்டை கேட்பார். வெளியூரில் இருப்பவர்கள் அந்த நேரத்துக்கு வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசிப் பக்கத்தில் தூதரகத்தின் அவசர எண், ஊரில் காரியம் பார்க்கக்கூடிய இரண்டு பேர் எண். நோட்டுப் புத்தகத்தோடு எல்லாச் சான்றிதழிலும் இரண்டிரண்டு நகல். ஒன்று கொடுக்க, ஒன்று தொடாமல் வைக்க.

முன்பெல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள் பாஸ்போர்ட் என்றால் திருச்சிக்கு பஸ் ஏறுவார்கள். இன்று கோவையிலேயே அலுவலகம் இருக்கிறது. 2017 முதல் தபால் நிலையங்களிலும் பாஸ்போர்ட் சேவை மையங்கள் திறந்து வருகிறார்கள். புதுப் பாஸ்போர்ட்டின் அட்டைக்குள் மின்னணுச் சில்லும் வந்துவிட்டது. வசதி பெருகிவிட்டது. ஆனால் பெயர் சரியாக இருக்கிறதா, விலாசம் சரியாக இருக்கிறதா, தேதி முடிகிறதா என்று பார்க்க வேண்டியது இன்றும் வீட்டில் இருப்பவர்கள்தான்.

என் பெண்ணின் பாஸ்போர்ட் 2027-ல் முடிகிறது. அதற்குள் அவளுக்குப் பதினைந்து வயது நிறைந்துவிடும். பதினைந்துக்கு மேல் பதினெட்டு வரை இருப்பவர்கள் விரும்பினால் பத்து வருடப் பாஸ்போர்ட்டே எடுக்கலாம். இந்தத் தடவை படிவத்தை அவளே பூர்த்தி செய்யட்டும் என்று விட்டுவிடப் போகிறேன். நோட்டுப் புத்தகத்தை மட்டும் பக்கத்தில் வைப்பேன்.

சகோதரிகளே, அடுத்த தடவை பீரோ துடைக்கும்போது அடித்தட்டில் இருக்கும் அந்த நீல அட்டைகளையும் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டுப் பிறகு பட்டுப்புடவையை மடிக்கலாம்.